பெரியண்ணனும் சின்னண்ணனும்: ஜவ்வாது மலையடிவாரத்தின் கிறிஸ்துகுலம்

கிறிஸ்துகுல ஆசிரமம் 1921ஆம் ஆண்டு திருப்பத்தூரில் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஆசிரமம் ஆகும். ஜவ்வாது மலைக்கும் ஏலகிரி மலைக்கும் இடையே அமைந்த ஊர் திருப்பத்தூர். இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து இந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன் (1882–1969). மற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் (1891–1970). ஆசிரமத்தில் இவர்களை யாரும் டாக்டர் என்றோ ஐயா என்றோ துரை என்றோ அழைக்கவில்லை. ஜேசுதாசன் ‘பெரியண்ணன்’ ஆனார். பேட்டன் ‘சின்னண்ணன்’ ஆனார்.

கேட்பதற்கு இது சிறிய செய்தி. ஆனால் 1921இல் ஆட்சி பிரிட்டிஷாரிடம் இருந்தது. அந்த ஆட்சியின் நாட்டைச் சேர்ந்த, செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், ஒரு தமிழரை அண்ணனாக ஏற்று அவருக்கு அடுத்த இடத்தில் அமர்ந்தார். கடவுள் அன்பாக இருக்கிறார் என்று எல்லா ஆலயங்களிலும் போதிக்கப்பட்டது. அந்த அன்பு ஒரு வீட்டுக்குள் வந்தால் யார் யாரை எப்படி அழைப்பார்கள், யார் யாரோடு அமர்ந்து உண்பார்கள் என்ற கேள்விக்குப் பலர் பதில் சொல்லத் தயங்கினர். அந்தக் கேள்விக்குக் கிறிஸ்துகுலம் நடைமுறையில் தந்த பதிலை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் அடிவாரமும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் இது பரந்துள்ளது. தெற்குப் பகுதியில் ஜமுனாமரத்தூர் முக்கிய ஊர். திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மலைநாடுகள் உள்ளன. வானியல் ஆய்வகம் அமைந்த காவலூரும் இந்த மலையில்தான் இருக்கிறது. சாமை இம்மலையின் முக்கியப் பயிர்களுள் ஒன்று.

திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. வட ஆர்க்காடு 1989இல் பிரிக்கப்பட்டது. அதன்பின் வேலூர் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர், 2019இல் தனி மாவட்டமானது. பழைய ஆவணங்களில் இவ்வூரைத் தேடும் மாணவர்கள் இந்த மாற்றங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர், மலையை ஆள்பவர் என்பது இதன் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களது மரபுக் கதை. தமிழ்நாட்டின் பல மலைகளில் இம்மக்கள் வாழ்கின்றனர். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளில் வழங்கும் கதை ஒன்றில் மூன்று சகோதரர்கள் வருகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பவை அவர்களது பெயர்கள். மூவரும் மூன்று மலைகளில் குடியேறினர் என்றும், அவர்களின் வழிவந்தவர்களே மலைமக்கள் என்றும் அக்கதை கூறுகிறது.

திருப்பத்தூர் மருத்துவர்கள் இந்தக் கதையிலிருந்து தங்கள் பெயரை எடுத்தார்கள் என்று கொள்ள இடமில்லை. தமிழகத்தில் எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் கேட்கக்கூடிய சொற்கள் இவை. ஆனாலும் இந்த ஒற்றுமை ஒன்றை விளக்குகிறது. ஒரு கூட்டம் தன்னை ஒன்றாகக் கருத வேண்டுமானால், அண்ணன் தம்பி முறையில் தன்னைச் சொல்லிக்கொள்வது இந்த மண்ணின் பழக்கம். மலையின் மேலும் அடிவாரத்திலும் புரியும் மொழி அது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடு

கிறிஸ்துகுலம் தோன்றுவதற்கு முன்பே தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு வீட்டு மரபு உருவாகியிருந்தது. மாலையில் விளக்கேற்றிய பின் குடும்பம் முழுவதும் பாயில் அமர்ந்து ஜெபிப்பது அதன் மையம். ஒரு கீர்த்தனை பாடுவார்கள். வேதாகமத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிப்பார். தாத்தாவோ பாட்டியோ ஜெபம் செய்வார். நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், கடனில் உள்ள உறவினர், மழை எல்லாம் அந்த ஜெபத்தில் இடம்பெறும். உண்பதற்கு முன் நன்றி சொல்வதும், புத்தாண்டுக்கு முந்தின இரவில் ஆலயத்தில் கூடுவதும், அந்த ஆண்டுக்கென ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுச் சுவரில் மாட்டுவதும் பல வீடுகளில் இன்றும் உண்டு.

இந்த மரபில் பாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றிய ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை (1827–1900) போன்றோர், கடவுளைத் தாயாக, தந்தையாக, நண்பனாகப் பாடும் தமிழ்ப் பக்தி மரபைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தனர். எழுத்தறியாத பாட்டிகூடப் பாட்டின் வழியாக வேதத்தை அறிந்திருந்தார்.

ஆனால் அதே வீட்டுக்குள் சாதியும் இருந்தது. ஆலயத்தில் தனித்தனி இருக்கைகள், தனித்தனிப் பந்தி, கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு எனப் பல இடங்களில் வழக்கம் நிலவியது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனே அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூர் போன்ற இடங்களில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதியைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. பிற சாதியாரோடு சேர்ந்து உண்ணச் சம்மதிப்பதே ஒருவர் சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பார்க்கப்பட்டது.

இங்கே ஒரு முரண் இருந்தது. சாதியை விடுங்கள், எல்லோரோடும் உண்ணுங்கள் என்று சொன்ன ஐரோப்பிய மிஷனரிகளின் வீட்டு மேசையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு இடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. பங்களா தனியாக இருந்தது. உபதேசியாரின் வீடு தனியாக இருந்தது. சம்பளமும் வேறு, நாற்காலியும் வேறு. தமிழர் வீட்டுப் பந்தியைத் திருத்த வந்தவர்களின் சொந்தப் பந்தி திருத்தப்படாமல் இருந்தது.

ஸ்கடர் குடும்பம்

வட ஆர்க்காட்டில் கிறிஸ்தவப் பணியைப் பேசும்போது ஸ்கடர் குடும்பத்தை விட்டுவிட முடியாது. அமெரிக்க மருத்துவரான ஜான் ஸ்கடர் முதலில் இலங்கையிலும், 1836 முதல் சென்னையிலும் பணியாற்றினார். அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனரிகளாக உழைத்தனர். 1853இல் ஆர்க்காடு மிஷன் அமைக்கப்பட்டபோது அதைத் தொடங்கியவர்கள் அவருடைய மகன்களே. நான்கு தலைமுறைகளில் 40க்கும் மேற்பட்டோர் இந்தக் குடும்பத்திலிருந்து இப்பணிக்கு வந்தனர். குடும்பப் பாரம்பரியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனாலும் அந்தப் பாரம்பரியம் தானாக நடந்துவிடவில்லை. ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். குடும்பத்தார் சென்ற வழியில் தானும் செல்ல அவருக்கு விருப்பமில்லை. நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அவரைத் தேடி வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா அப்போது மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று அவர் சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்து. மதம் வேறாக இருந்தும் வீட்டுக் கட்டுப்பாடு ஒன்றாகவே இருந்தது.

ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. வேலூரிலிருந்து குடியாத்தம் வரை சாலையோர மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இவ்வாறு வளர்ந்தது. 1947 முதல் அங்கு ஆண்களும் மருத்துவம் பயில்கின்றனர். அதன் சமூக நல மருத்துவப் பணி ஜவ்வாது மலை ஊர்கள் வரை எட்டியுள்ளது. ஐடா 1960இல் காலமானார்.

ஸ்கடர் குடும்பம் இரத்த உறவால் அமைந்த குடும்பம். தந்தை காட்டிய வழியில் பிள்ளைகள் வந்தார்கள். ஐடாவின் பெரிய சாதனை, அந்தக் குடும்ப மரபைத் தமிழ்ப் பெண்களிடம் ஒப்படைத்தது. ஆண் மருத்துவர் நுழைய முடியாத வீட்டுக்குள் பயிற்சி பெற்ற இந்தியப் பெண்கள் நுழைந்தார்கள். இருந்தாலும் மிஷன் அமைப்புகளில் வெள்ளையர் மேல், இந்தியர் கீழ் என்ற பொதுவான ஒழுங்கு அக்காலத்தில் மாறவில்லை.

அசரியா கேட்டது

இந்த ஒழுங்கை உலகின் முன் எடுத்துச் சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1905 டிசம்பர் 25 அன்று சேராம்பூரில் இந்தியக் கிறிஸ்தவர்களே தொடங்கிய தேசிய மிஷனரி சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள் கூடினர். அவர்களில் ஆசியர் 20 பேர்கூட இல்லை. அங்கே பேசிய அசரியா, மிஷனரிகள் செய்த தியாகங்களை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். அதன்பின், இந்தியச் சபைக்குத் தேவைப்படுவது அன்பும் நட்புமே என்றும், மிஷனரிகள் நண்பர்களாக வர வேண்டும் என்றும் வேண்டினார். மேலிருந்து கீழே இறங்கும் இரக்கமும் நட்பும் ஒன்றாகாது என்பது அவர் பேச்சின் சாரம்.

அரங்கில் பலருக்கு அது உறுத்தியது. உயிரைக் கொடுத்து உழைப்பவர்களிடம் அன்பில்லை என்று சொல்வதா என்று வருந்தியவர்கள் இருந்தனர். ஆனால் அசரியா சுட்டியது தனி மனிதர்களின் நல்லெண்ணத்தைப் பற்றியது அல்ல. அன்றாட வாழ்வின் அமைப்பைப் பற்றியது. 1912இல் அசரியா தோர்ணக்கல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே.

அசரியா நண்பர்களைக் கேட்டார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் திருப்பத்தூரில் இரண்டு பேர் அதற்கும் ஒரு படி மேலே சென்று உடன்பிறப்புகளாக வாழத் தொடங்கினர்.

இரு மருத்துவர்கள்

ஜேசுதாசனும் பேட்டனும் பிரிட்டனில் மாணவராக இருந்த நாட்களில் அறிமுகமானவர்கள். ஜேசுதாசன் ஒன்பது வயது மூத்தவர். பேட்டன் ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் தனக்கு வந்த பங்கை அவர் ஆசிரமப் பணிக்குப் பயன்படுத்தினார். இருவரும் மணம் செய்துகொள்ளாமல் வாழ உறுதி எடுத்தனர்.

அவர்கள் ஆசிரமம் என்ற அமைப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மிஷன் வளாகத்தில் பங்களாவுக்கும் மற்ற வீடுகளுக்கும் இடையே வேலி இருந்தது. ஆசிரமத்தில் ஒரே முற்றம்தான். மிஷனில் பதவிக்கு ஏற்ற சம்பளம். ஆசிரமத்தில் சம்பளம் என்ற எண்ணமே இல்லை, தேவைக்கு ஏற்பப் பொதுவில் பகிர்வு. மேலும், துறவியரை மதிக்கும் மரபு இந்த நாட்டில் தொன்மையானது. கடவுளைப் பற்றிப் பேசுகிறவர் எளிமையாக வாழ வேண்டும் என்பது மக்களின் எதிர்பார்ப்பு. ஆசிரம மரபைப் பற்றி ஜேசுதாசன் பின்னாளில் நூல் ஒன்றும் எழுதினார்.

இதற்கு முன்னும் ஒருவர் இந்திய முறையில் வாழ முயன்றார். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நோபிலி, காவியுடுத்திச் சைவ உணவு உண்டு துறவியாக வாழ்ந்தார். ஆனால் அவர் உயர்சாதியினரிடம் ஏற்பு வேண்டிச் சாதி ஒழுங்கை அனுசரித்தார். கிறிஸ்துகுலத்தின் பாதை வேறு. அவர்கள் இந்தியத் துறவு மரபை ஏற்றபோது, பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வை வெளியே நிறுத்தினர்.

காலமும் பொருத்தமாக இருந்தது. 1921 ஒத்துழையாமை இயக்கத்தின் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் காந்தியடிகள் மதுரையில் அரையாடைக்கு மாறினார். திருப்பத்தூர் ஆசிரமத்தார் கதர் அணிந்தனர். பல கிறிஸ்தவர்கள் கோட்டும் கவுனும் நாகரிகத்தின் அடையாளம் என்று எண்ணிய காலம் அது.

பெயரும் முறையும்

‘குலம்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றாட வழக்கில் அது பிறப்பைக் குறிக்கும். குலம் கேட்டுப் பெண் கொடுப்பார்கள், குலம் பார்த்துப் பந்தியில் இடம் தருவார்கள். மனிதரைப் பிரிக்கப் பயன்பட்ட அந்தச் சொல்லையே ஆசிரமத்துக்குப் பெயராக வைத்தனர். கிறிஸ்துவின் குடும்பம் என்பது பொருள். குருகுலம் என்ற பழைய சொல்லின் சாயலும் அதில் உண்டு. குருவின் வீட்டில் வாழ்ந்து கற்பதே குருகுலம்.

உறவுமுறைப் பெயர்களும் அப்படியே. அக்காலத்தில் வெள்ளைக்காரரைத் தமிழர்கள் துரை என்றனர். மனைவியைத் துரைசானி என்றனர். துரை என்றால் எழுந்து நிற்க வேண்டும், சற்று விலகிப் பேச வேண்டும். அண்ணன் என்று அழைத்தால் அது முடியாது. அண்ணனிடம் மரியாதை உண்டு, உரிமையும் உண்டு. அண்ணன் பசியோடு இருந்தால் கேட்கலாம். அண்ணன் தவறு செய்தால் வருத்தப்படலாம். அண்ணனுக்கும் கடமை உண்டு. தம்பி தங்கைகளுக்குப் பின்னரே தன்னைப் பற்றி அவர் நினைக்க வேண்டும்.

பேட்டன் ஏன் தம்பி என்று அழைக்கப்படவில்லை? ஜேசுதாசனுக்கு அவர் தம்பி. ஆனால் ஆசிரமத்தில் உள்ள இளையோருக்கு அவரும் அண்ணன்தான். எனவே பெரியண்ணன், சின்னண்ணன் என்ற வரிசை அமைந்தது. வயதால் அமைந்த இந்த வரிசையில் நிறத்துக்கும் பணத்துக்கும் இடமில்லை. பணம் கொண்டுவந்தவர் சின்னவர். தலைமை தாங்கியவர் பெரியவர். அக்கால மிஷன் உலகில் இதற்கு நேர்மாறான ஒழுங்கே எங்கும் இருந்தது.

அன்றாட வாழ்வு

கிறிஸ்துகுலத்தின் நாள் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிந்தது. தரையில் அமர்ந்து வழிபட்டனர். தமிழ்ப் பாடல்களைப் பாடினர். உணவு எளிய சைவ உணவு. எல்லோரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு நூற்றாண்டாக வாதிட்டுக்கொண்டிருந்த பந்திப் பிரச்சினைக்கு இங்கே தனித் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. தினமும் சேர்ந்து சாப்பிட்டாலே போதுமானதாக இருந்தது.

முக்கியப் பணி மருத்துவம். திருப்பத்தூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்த ஏழை நோயாளிகளுக்கு ஆசிரம மருத்துவமனை புகலிடமானது. கிராமப் பிள்ளைகளின் கல்வியிலும் கிராம முன்னேற்றத்திலும் ஆசிரமத்தார் ஈடுபட்டனர். நோயாளியின் மதத்தைப் பொறுத்து மருந்து மாறவில்லை.

இங்கே கடவுளின் அன்பு என்ற சொல் என்ன பொருள் பெறுகிறது என்பதைக் கவனிக்கலாம். புண்ணைக் கழுவுவது, கட்டை மாற்றுவது, இலையில் சோறு பரிமாறுவது, முற்றம் கூட்டுவது எல்லாம் யாரோ ஒருவர் செய்தாக வேண்டிய வேலைகள். பெரும்பாலான வீடுகளில் அவை பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வெளிநாட்டில் படித்த இரண்டு மருத்துவர்கள் எளிய வேலைகளையும் வழிபாட்டின் பகுதியாகக் கருதி ஏற்றபோது, அன்பு என்பதற்கு வீட்டுப் பொருள் கிடைத்தது.

ஜெபாலயம்

ஆசிரமத்தின் வழிபாட்டுக் கூடம் ‘ஜெபாலயம்’ எனப்படுகிறது. 1930களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. திராவிடக் கோயில் கட்டடக் கலையைப் பின்பற்றிக் கோபுரமும் தூண் மண்டபமுமாக அது அமைந்தது. அக்காலத் தேவாலயங்கள் பல ஐரோப்பியக் கூர்வளைவு பாணியில் எழுந்தவை. அவற்றினுள் நுழையும் கிராமத்தவருக்கு, இது வெள்ளைக்காரர் சாமி என்ற எண்ணம் வருவது இயல்பு. ஜெபாலயத்தின் கற்கள் வேறு செய்தியைச் சொல்லின. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அசரியாவின் தோர்ணக்கல் பேராலயமும் இந்தியக் கட்டடக் கூறுகளைக் கொண்டது. இந்தியச் சபைக்கு இந்தியத் தோற்றம் வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வலுப்பெற்றதை இவை காட்டுகின்றன.

கோயில் வடிவத்தைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி இரு பக்கத்திலிருந்தும் எழக்கூடியது. பழைய வழிபாட்டை விட்டு வந்த குடும்பங்களுக்கு அந்த வடிவமே பழைய விலக்கலை நினைவூட்டலாம். கோபுரத்தின் உள்ளே அனுமதிக்கப்படாத மக்களின் பிள்ளைகள் அதே வடிவ மண்டபத்தில் முதல் வரிசையில் அமர்வதும் நிகழலாம். கட்டடம் ஒன்றானாலும், பார்ப்பவரின் குடும்ப வரலாற்றைப் பொறுத்து அதன் பொருள் மாறும்.

1932: சின்னண்ணன் பட்ட அடி

உறவுமுறை வெறும் பேச்சா, உண்மையா என்பது 1932இல் வெளிப்பட்டது. சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் தொடங்கிய ஆண்டு அது. சென்னையில் அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் நடந்தது. கதர் உடையில் அங்கிருந்த பேட்டன் மீது போலீசார் வண்ண நீரைப் பீய்ச்சி, தடியால் அடித்துக் கைது செய்தனர். மறியலில் ஈடுபட்டதாக வழக்கும் பதிவானது. பின்னர் அந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. செய்தி லண்டன் வரை சென்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்பட்டது.

அந்த நாட்களில் தடியடி பட்ட இந்தியர் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்காக நாடாளுமன்றத்தில் யாரும் எழுந்து கேட்கவில்லை. பேட்டனுக்குக் கேட்டார்கள் என்றால், அவர் பிறந்த நாடும் குடும்பமும் அதற்குக் காரணம். ஆசிரமத்துக்குள் அழிக்கப்பட்ட வேற்றுமை வெளியே அழியவில்லை என்பதற்கு இது சான்று. அதே சமயம், தடி விழுந்த நேரத்தில் அவர் கதர் அணிந்த இந்தியர்களில் ஒருவராகவே நடத்தப்பட்டார். தம்பி என்ற முறைக்கு உரிய விலையை அவர் கொடுத்தார்.

குடும்பத்தின் எல்லை

கிறிஸ்துகுலத்தைத் தொடர்ந்து நாட்டின் பல பகுதிகளில் கிறிஸ்தவ ஆசிரமங்கள் எழுந்தன. 1922இல் ஜாக் வின்ஸ்லோ மராட்டியப் பகுதியில் கிறிஸ்து சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1930இல் ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலை அடிவாரத்தில் சாத்தால் ஆசிரமத்தை அமைத்தார். 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் கத்தோலிக்கத் துறவியர் இருவர் சாந்திவனத்தைத் தொடங்கினர். இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பது திருப்பத்தூர்.

ஆனால் துறவால் அமைந்த குடும்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்கடர் குடும்பத்தில் தாத்தாவின் பணி பேத்திக்கு வந்தது. கிறிஸ்துகுலத்தில் பிள்ளைகள் பிறக்கவில்லை. புதியவர்கள் தாங்களாக முன்வந்தால்தான் குடும்பம் தொடரும். மணமின்றி, சம்பளமின்றி, வாழ்நாள் முழுவதும் இருக்க முன்வருவோர் எக்காலத்திலும் சிலரே. 1969இல் பெரியண்ணன் மறைந்தார். 1970இல் சின்னண்ணனும் மறைந்தார். அவர்களது காலத்தின் வேகம் அவர்களோடு நின்றது. ஆசிரமத்தின் பெயர் திருப்பத்தூரில் இன்றும் வழங்கி வருகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பெரியண்ணன், சின்னண்ணன் என்ற மொழியில் அண்ணன்மார் முன்னே தெரிகிறார்கள். அக்காள், அண்ணி, அம்மாவின் குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை. வீட்டு ஜெபத்தை மாலைதோறும் தவறாமல் நடத்தியவர்களும், கீர்த்தனைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. இந்தப் பகுதியில் கிறிஸ்தவ அன்பின் முழு வரலாற்றை எழுதும்போது, ஐடா ஸ்கடர் பயிற்றுவித்த செவிலியர்களும் மருத்துவர்களும், பெயர் பதிவாகாத பாட்டிமார்களும் அதில் இடம்பெற வேண்டும்.

வரலாற்று மாணவர்களுக்கு

இத்தகைய வரலாற்றுக்குச் சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. பல கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப வேதாகமம் ஒன்று இருக்கும். அதன் முன்பக்க வெற்றுத் தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவை தேதியோடு எழுதப்பட்டிருக்கும். பழைய கையெழுத்து மங்குவதற்கு முன் அவற்றைப் படியெடுத்து வைக்கலாம். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருக்கு யார் ஞானப் பெற்றோராக நின்றார்கள், எந்த ஆண்டில் ஒரே மாதத்தில் மூன்று பிள்ளைகள் இறந்தார்கள் என்பன போன்ற செய்திகள் அங்கே கிடைக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் எளியவை. ஆலயத்தில் யார் எங்கே அமர்ந்தார்கள்? கல்யாணப் பந்தியில் முதல் வரிசை யாருக்கு? மிஷன் மருத்துவரை என்ன சொல்லி அழைத்தீர்கள்? அவர் வீட்டில் எப்போதாவது சாப்பிட்டது உண்டா? இந்தக் கேள்விகளுக்கு எழுபது எண்பது வயதுக்காரர்களால் இன்றும் விடை சொல்ல முடியும்.

அந்த விடைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, திருப்பத்தூரில் 1921இல் நடந்தது எவ்வளவு அரிய முயற்சி என்பது விளங்கும். அன்பைப் பற்றிய நூல்களும் பிரசங்கங்களும் அந்த ஆண்டிலும் ஏராளமாக இருந்தன. ஒரு தமிழரும் ஸ்காட்லாந்துக்காரரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ட இடங்கள் மிகச் சிலவே.